பதினேழாம் எண்

இரவுப் பணி முடிந்து வீட்டுக்குப் போகாமல்
கார் நிறுத்துமிடத்தில் செத்துக் கிடக்கிறேன்.
சனிக்கிழமை, காலை ஏழரை.
பினாங்குப் பாலத்தில் தொழிற்சாலைப் பேருந்தும்
எரிவாயு லாரியும் மோதிக்கொண்டதாக
நேற்றே தட்டச்சு செய்து வைத்துவிட்டார்கள்.

எனக்குக் கொடுத்த சீட்டில் இவ்வளவுதான்:
பெண். வயது நாற்பத்தாறு. மூச்சில்லை.
மூச்சுவழியைத் திறந்தாலும் மூச்சில்லை.
வயது மட்டும் சரி.

ரத்தம், சோள மாவு போட்டுக் காய்ச்சிய ரோஸ் சிராப்.
கேண்டீன் மக்சிக் ரொஹானி மனது வைத்து
இரண்டு போத்தல் தந்தார்.
பாதி நெற்றியில், மீதி காதோரம்.
"அசையக் கூடாது சிஸ்டர், நீங்க போயிட்டீங்க"
என்று சிரிக்காமல் சொல்லிவிட்டு நகர்ந்தார்
கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு ஓர் அதிகாரி.

எறும்புகளிடம் யாரும் சொல்லவில்லை.
முதலில் ஒன்று, வழி பார்க்க.
அது போய்த் தகவல் கொடுத்திருக்க வேண்டும்.
பத்தொன்பது வருடமாய்
எத்தனையோ உடல்களைத் துடைத்து, கட்டி, அனுப்பியவள்,
அவர்களுக்கு எங்காவது அரித்திருக்குமோ என்று
இன்றைக்குத்தான் நினைக்கிறேன்.

பதினாறாம் எண், பிசியோ பிரிவு லிம்.
கால் ஒடிந்தவர்.
ஹொக்கியனில் அலறுகிறார்,
வேஷம் கிடைத்த சந்தோஷத்தில்.

கண்ணை மூடினால் காலணிகள் தெரிகின்றன.
இடது காலில் மட்டும் கீச்சிட்டால் அது லோகப்பிரியா,
ஏழாம் வார்டு, வந்து மூன்று மாதம்.
கீச், கீச், நின்றது.
என் மூக்கருகே அவள் காது.
தாடையை உயர்த்துகிறாள், மறுபடி காது.
அவள் பொய் சொல்ல நேரக் கூடாதென்று
மூச்சை இறுக்கிப் பிடித்திருந்தேன்.
மணிக்கட்டில் வெள்ளை அட்டை.
முடிச்சு.

இனி எழுந்து அடுத்த ஆளுக்கு ஓட வேண்டும்.
ஓடவில்லை.
விழுந்த வாக்கில் முழங்காலுக்கு மேல்
ஏறிக் கிடந்த என் பழைய பாத்தேக் கைலியைக்
கணுக்கால்வரை இழுத்துவிட்டாள்.
பிறகுதான் கீச், கீச்,
லிம்மின் அலறலை நோக்கி.

வெள்ளம் வந்த ராத்திரி
கீழ்த்தளத்தில் விளக்குப் போனபோது
எட்டாம் கட்டிலை விட்டுப் பன்னிரண்டுக்கு ஓடினேன்.
திரும்பிப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் பன்னிரண்டும் போயிருக்கும் என்றார்கள்.
சரிதான்.
எட்டாம் கட்டிலின் போர்வை
எப்படிக் கிடந்தது என்று
விசாரணையில் யாரும் கேட்கவில்லை.

ஒன்பது மணிக்கு வெண்பலகை முன்னால் கூட்டம்.
"பதினேழாம் எண்ணுக்கு நாற்பத்தோரு விநாடி.
முப்பதுக்குள் முடியணும். என்ன ஆச்சு?"
லோகப்பிரியா தரையைப் பார்த்தாள்.
"நூல் சிக்கிக்கிச்சு, துவான்."
"இங்க சிக்கினா பாலத்திலும் சிக்கும்."
அவர் சொன்னதிலும் தப்பில்லை.
பதினோரு விநாடி
லிம்முக்கு வேண்டுமானால் பாட்டுப் பாடும் நேரம்.
லிம்முக்குப் பக்கத்தில் கிடப்பவருக்கு?

சாட்சி நான் ஒருத்திதான்.
இறந்தவரிடம் வாக்குமூலம் வாங்கும் வழக்கமில்லை.
போதாததற்கு
வாய் நிறைய நாசி லெமாக்.

கொடிமலை மேல் மழை இருட்டிக்கொண்டு வந்தது.
ரத்து செய்வார்கள் என்று பந்தயம் கட்டினோம்.
"மழையில் விபத்து நடக்காதா?" என்றது ஒலிபெருக்கி.
இரண்டாம் சுற்று பத்தரைக்கு,
ஆட்கள் அதே, இடம் அதே.

கழிவறைக்குப் போனேன்.
கைலியின் கீழ்விளிம்பைக் கணுக்காலருகே சேர்த்து
இரண்டு ஊக்குகள் குத்தினேன்.
ஆட்டிப் பார்த்தேன், ஏறவில்லை.
தத்தித் தத்தி நடந்து போய்
என் சுண்ணாம்புக் கட்டத்துக்குள் படுத்தேன்.

அவளுக்குப் பதினோரு விநாடி மிச்சம்.
எறும்புக்குத்தான்
ஒரு வழியும் தெரியவில்லை.